வலது கீழ் மூலை

ஒரு திங்கட்கிழமை காலை ஆபீசுக்குள் நுழைந்தபோது என் மேசையில் பழைய கம்ப்யூட்டர் இல்லை. அது இருந்த இடத்தில் மெலிதான கறுப்புத் திரையோடு புதியது ஒன்று இருந்தது. திரைமேல் ஒட்டிய பிளாஸ்டிக் தாளைக்கூட யாரும் உரித்திருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆள் வைத்து, ஆபீசில் இருந்த பதினோரு மெஷின்களையும் மாற்றியிருந்தார்கள். மற்றவர்களுக்குச் சந்தோஷம். பழையவை உயிர் பெறவே கால் மணி நேரம் ஆகும். சுவிட்சைப் போட்டுவிட்டு கேன்டீனில் டீ குடித்துத் திரும்பினாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். நான் மட்டும் தோளிலிருந்து பையை இறக்காமல் நின்றேன். இனி என்ன செய்வது என்று தெரியவில்லை.

அது ஏன் என்று சொல்ல எட்டு மாதம் பின்னால் போக வேண்டும்.

நான் வண்டிகளுக்கான ரப்பர் ஓஸ் குழாய்கள் செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். முதலில் கும்மிடிப்பூண்டியில் இருந்த கம்பெனி பிறகு தேர்வாய் கண்டிகைக்கு இடம் மாறியது. அதோடு நானும் மாறினேன். ரப்பரும் கரித்தூளும் கலக்கும் பகுதியில் ஷிஃப்ட் பொறுப்பாளராக இருந்தேன். மனைவி திருநின்றவூரில் ஒரு தனியார் பள்ளியில் டீச்சர். எங்கள் ஃபிளாட் அங்கேதான். மகள் கல்யாணமாகி ஓசூரில் இருக்கிறாள். திருநின்றவூரிலிருந்து தினமும் வந்து போவது நடக்கிற காரியம் இல்லை. சென்னை வரை ஒரு ரயில், அங்கிருந்து கும்மிடிப்பூண்டிக்கு இன்னொரு ரயில், பிறகு பஸ். அதனால் புதுவாயல் கூட்டு ரோட்டுக்குப் பக்கத்தில், ஒரு டயர் கடைக்கு மேலே அறை எடுத்துத் தங்கியிருந்தேன். சனிக்கிழமை சாயங்காலம் வீடு, திங்கட்கிழமை மறுபடி கம்பெனி என்று வருஷங்கள் ஓடின.

ஒரு நாள் காலை கம்பெனி பஸ்ஸுக்காக ரோட்டோரம் நின்றிருந்தேன். எதிரே இருந்த பலகையில் ‘புது’ என்று மட்டும் எழுதியிருந்தது. மீதி எழுத்தை யார் அழித்தார்கள் என்று நினைத்தேன். பக்கத்தில் நின்ற ஆள் மணி கேட்டார். திரும்பிப் பார்த்தால் அவருக்கு ஒரு கண்ணும் பாதி மூக்கும்தான் இருந்தன. தலையை இன்னும் கொஞ்சம் திருப்பியதும் மீதி முகம் வந்தது. வலி இல்லை, மயக்கம் இல்லை. பஸ்ஸில் ஏறும்போது கம்பியைப் பிடிக்கப் போய் காற்றைப் பிடித்தேன். அப்போதுதான் பயந்தேன்.

ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் இருந்தேன். மூளையில் ரத்தம் கட்டியிருக்கிறது, சின்னதுதான், மாத்திரையில் சரியாகும் என்றார்கள். மனைவி லீவு போட்டுவிட்டுக் கூடவே இருந்தாள். இரண்டு வாரம் கழித்து மறுபரிசோதனைக்கு நான் தனியாகத்தான் போனேன். ஓர் இருட்டுப் பெட்டிக்குள் முகத்தை வைக்கச் சொல்லி, ஒளிப்புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். முடிவில் டாக்டர் ஒரு தாளைக் காட்டினார். அதில் கண்ணுக்கு ஒன்றாக இரண்டு வட்டங்கள். இரண்டிலும் வலது பாதி கறுப்பாக இருந்தது.

“கண்ணு ரெண்டும் நல்லா இருக்கு. அது பார்க்கிறதை வாங்கிக்கிற இடம்தான் போயிடுச்சு,” என்றார் டாக்டர். “வலது பக்கம் இனிமே இப்படித்தான். ஆறு மாசத்துல கொஞ்சம் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். வண்டி ஓட்டாதீங்க. மெஷின் பக்கம் போகாதீங்க.”

அந்தத் தாளை நான் கம்பெனியில் கொடுக்கவில்லை. இலேசான வேலை கொடுக்கலாம் என்று எழுதியிருந்த இன்னொரு கடிதத்தை மட்டும் கொடுத்தேன். ஐம்பது வயதுக்கு மேல் பாதிப் பார்வையோடு ஒருவனை எந்த வேலையில் வைப்பார்கள் என்று யோசித்ததால் வந்த பயம். அவர்களும் மேலே கேட்காமல் ஆபீசில் சரக்கு விடுவிக்கும் வேலைக்கு மாற்றினார்கள். தயாரான ஓஸ்களில் எந்தெந்தத் தொகுதி, அதாவது லாட், லாரியில் ஏறலாம் என்று கம்ப்யூட்டரில் அனுமதி கொடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

மனைவியிடம் முதலில் உண்மையைச் சொன்னேன். தினமும் போன் செய்து, “இன்னிக்கு கொஞ்சமாச்சும் தெரியுதா?” என்று கேட்டாள். இல்லை என்று தினமும் சொல்ல வேண்டியிருந்தது. அந்த ‘இல்லை’க்குப் பிறகு அவள் பேசாமல் இருக்கும் நேரம் எனக்குத் தாங்கவில்லை. ஐந்தாம் மாதம் ஒருநாள், “வந்துடுச்சு, ஓரளவுக்கு நல்லாவே தெரியுது,” என்றேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. என் வலது பக்கத்தைப் பற்றி உலகத்தில் யாரோடும் பேச வேண்டிய அவசியமில்லாமல் போயிற்று.

அதைத்தான் நான் விரும்பினேன் என்று நினைத்திருந்தேன். ஆனால் புதுவாயலில் ரோட்டைத் தாண்டும்போதெல்லாம் அது எவ்வளவு பெரிய தனிமை என்று தெரிந்தது. நம் ஊர் ரோட்டில் முதலில் வண்டி வருவது வலது பக்கத்திலிருந்துதான். தலையை முழுக்கத் திருப்பினால்தான் எனக்கு லாரி உண்டு. இல்லாவிட்டால் சத்தம் மட்டும் உண்டு. யாராவது தாண்டும்வரை நின்று, அவர் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போவேன். காய்கறிப் பையோடு போகும் பெண்கள், ஒடிசாவிலிருந்து வந்து வேலை பார்க்கிறவர்கள், யார் யாரோ என்னை அந்த ரோட்டைக் கடக்க வைத்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கும் அது தெரியாது.

ஆபீசில் என்னைக் காப்பாற்றியது அந்தப் பழைய கம்ப்யூட்டர்தான். திரையில் வழக்கமாக அடியில் நீளமாகக் கிடக்கும் பட்டையை இழுத்து இடது ஓரத்தில் செங்குத்தாக நிறுத்தியிருந்தேன். தினமும் திறக்க வேண்டிய இருபத்திரண்டு ஐகான்களையும் இடது பக்கமே மூன்று வரிசையாக அடுக்கினேன். முதல் வரிசை அடிக்கடி தேவைப்படுவது, இரண்டாவது எப்போதாவது, மூன்றாவது மாதக் கடைசியில். செய்திகள் வந்தால் இடது மேல் மூலையில் தெரியும்படி வைத்தேன். ஒரு மாதம் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி நகர்த்தி அமைத்தது. கடைசியில் எது எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே கைக்குத் தெரிந்தது. அந்தத் திரைக்குள் இருக்கும்வரை நான் முழு ஆள்.

புதியதில் பட்டை அடியில் இருந்தது. அதன்மேல் மவுஸை வைத்து இழுத்தேன், வரவில்லை. அமைப்புகளுக்குள் போய் ஒவ்வொரு பக்கமாகத் தேடினேன். நிறத்தை மாற்றலாம், ஒளித்து வைக்கலாம், இடத்தை மட்டும் மாற்ற முடியாது. முன்பு இருந்த வசதியை எடுத்தே விட்டார்கள் போல. திரையின் பின்னணியில் கம்பெனியின் படம். ஹெல்மெட் போட்ட ஒருவர் இடது பக்கம் நின்று சிரிக்கிறார். அவர் முகத்தை மறைக்கக் கூடாது என்று ஐகான்கள் எல்லாவற்றையும் வலது ஓரமாக அடுக்கியிருந்தார்கள். சாதாரணமாக உட்கார்ந்து பார்த்தால் எனக்குத் தெரிந்தது சிரிக்கிற அந்த மனிதர் மட்டும்தான். ஐகானே இல்லாத கம்ப்யூட்டர்.

தலையைத் திருப்பித் திருப்பி ஒவ்வொன்றாகப் பிடித்து இடது பக்கம் இழுத்து வந்தேன். பாதி வேலையில் மவுஸின் அம்பு வலது பக்கம் போய்த் தொலைந்துவிடும். அதைத் தேடிப் பிடித்து மறுபடி இழுப்பேன். சில ஐகான்கள் விட்ட இடத்தில் நிற்காமல் தானாகவே வேறு வரிசைக்குத் துள்ளும். மத்தியானத்துக்குள் ஒரு மாதிரி முடித்தேன். ஹெல்மெட்காரரின் முகம் முழுக்க ஐகான். மறுநாள் காலை வந்து திறந்தால் அவர் மறுபடி சிரித்துக்கொண்டிருந்தார். எல்லாம் வலது பக்கம் திரும்பிப் போயிருந்தன.

கம்ப்யூட்டர் பிரச்சினைகளுக்குக் கிண்டியில் உள்ள தலைமை ஆபீசுக்குப் போன் செய்ய வேண்டும். ஒரு பெண் எடுத்தார். குரலை வைத்துப் பார்த்தால் முப்பது வயது இருக்கலாம்.

“ஸ்க்ரீன்ல ஒரு பெட்டி வரும் சார். ஓகே கொடுத்தீங்கன்னா இங்கேர்ந்து நானே பார்த்துடுவேன்.”

“பெட்டி எதுவும் வரலையேம்மா.”

“வந்திருக்கு சார். கீழ, ரைட்ல.”

தலையைத் திருப்பிக் கண்டுபிடித்து ஓகே கொடுத்தேன். என் கை மவுஸில் இல்லாதபோதே அம்பு நகர ஆரம்பித்தது. கிண்டியில் இருக்கும் ஒருவர் என் மேசைக்கு வந்து வேலை செய்வது போல் இருந்தது. ஐகான்களை அவர் விறுவிறுவென்று இடது பக்கம் கொண்டு வந்தார். “வேற எங்க எது வேணும் சார்?” என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டார். எனக்கு எது எங்கே வேண்டும் என்று யாரும் கேட்டு நாளாகியிருந்தது. மூன்று வரிசைகளையும் நிதானமாகச் சொன்னேன்.

மறுநாள் காலை மறுபடி எல்லாம் வலது பக்கம். மறுபடி போன். இரண்டு வாரத்தில் நான்கு முறை பேசினோம். அந்த இரண்டு வாரத்தில் நான் அதிகம் பேசியது அவரோடுதான். சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கினால் மறுநாள் காலை பஸ் ஏறும்வரை ஓட்டலில் “ரெண்டு தோசை” என்று சொல்வதைத் தவிர எனக்குப் பேச்சு கிடையாது. பக்கத்து அறையில் ஒடிசாக்காரர்கள் நான்கு பேர். அவர்கள் சிரிக்கும்போது சுவருக்கு இந்தப் பக்கம் நான் என்ன விஷயம் என்று தெரியாமல் கேட்டுக்கொண்டிருப்பேன்.

நான்காம் முறை அவர் விஷயத்தைச் சொல்லிவிட்டார். “எல்லா மெஷினும் ஒரே மாதிரி இருக்கணும்னு இங்க பூட்டி வச்சிருக்காங்க சார். நான் மாத்தினாலும் காலையில லாகின் பண்ணதும் பழையபடி ஆயிடும். உங்க மெஷினுக்கு மட்டும் விலக்கு வாங்கலாம். ஃபார்ம்ல காரணம் எழுதணும். உங்க மேனேஜர் ஓகே கொடுக்கணும்.”

“பழக்கம்னு எழுதிக்கோங்களேன்.”

“பழக்கம்னா தள்ளிடுவாங்க சார். நிறைய பேர் கேட்டுட்டாங்க.” பிறகு, “ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்கு ரைட் சைடு தெரியலையா சார்?” என்றார்.

ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

“அம்பு அந்தப் பக்கம் போனா ஒவ்வொரு வாட்டியும் தேடறீங்க. பெட்டி வந்தாலும் நான் சொன்னாத்தான் பார்க்கறீங்க. அதான் கேட்டேன்.”

“கண்ணாடி பவர் மாத்தணும்மா. வேற ஒண்ணும் இல்லை,” என்று போனை வைத்துவிட்டேன். கண்டுபிடித்துவிட்டாரே என்ற பயம் பாதி. அவரிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்பது மீதி. அதற்குப் பிறகு நான் அவருக்குப் போன் செய்யவில்லை.

தினமும் முதல் பஸ்ஸில் வர ஆரம்பித்தேன். ஆபீசில் யாரும் இருக்க மாட்டார்கள். விளக்கைப் போட்டு, உட்கார்ந்து, இருபத்திரண்டையும் ஒவ்வொன்றாக இடது பக்கம் இழுப்பேன். இருபது நிமிஷம் ஆகும். சில நாள் பதினைந்தாவதை இழுக்கும்போது எல்லாம் சரிந்து வரிசை குலைந்துவிடும். கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்கு ஆத்திரம் வரும். ஒரு சின்னப் படத்தைச் சின்ன இடத்துக்கு நகர்த்த முடியாததற்கு இத்தனை வயதில் அழுவதா என்று வெட்கமும் வரும். பெட்டிகளில் ஒட்டும் சிவப்பு டேப்பை ஒரு துண்டு வெட்டித் திரையின் வலது விளிம்பில் மேலிருந்து கீழாக ஒட்டினேன். அந்தச் சிவப்பு தெரியும்வரை தலையைத் திருப்ப வேண்டும் என்பது என் கணக்கு. பக்கத்து மேசைக்காரர், “திருஷ்டிக்கா சார்?” என்றார். ஆமாம் என்றேன்.

ஐகான்களை இழுத்துவிடலாம். செய்திகளை இழுக்க முடியாது. அவை வலது கீழ் மூலையில் ஐந்து விநாடி நின்றுவிட்டு மறையும். நானும் அடிக்கொரு தரம் அந்த மூலையைத் திரும்பிப் பார்ப்பேன். அது மட்டுமே வேலையா என்ன?

ஒரு வியாழக்கிழமை, லாரியில் ஏறிப் போன ஒரு லாட்டை நெடுஞ்சாலையிலிருந்து திருப்பி வரவழைக்க வேண்டியதாயிற்று. அந்த ஓஸ்கள் அழுத்தச் சோதனையில் வெடித்திருந்தன. அவற்றை அனுப்பாமல் நிறுத்தி வைக்கும்படி சோதனை செய்யும் லேபிலிருந்து வந்த செய்தியை மீறி நான் அனுமதி கொடுத்திருக்கிறேன். மேனேஜர் என்னையும் லேபில் வேலை பார்க்கும் பெண்ணையும் கூப்பிட்டார். அவள் பழவேற்காட்டிலிருந்து வருகிறவள். அவர்கள் வீட்டில் கருவாடு, இறால் வியாபாரம். ஏழு வருஷமாக என்னை அண்ணா என்று கூப்பிடுகிறவள்.

“ஹோல்டுன்னு மெசேஜ் போட்டேன் சார். பதினோரு மணிக்கு முன்னாடியே போட்டுட்டேன்,” என்றாள்.

மேனேஜர் என்னைப் பார்த்தார். “எனக்கு எதுவும் வரலை சார்,” என்றேன்.

அது பொய் இல்லை என்று அந்த விநாடியில் எனக்கே தோன்றியது. என் உலகத்தில் அது வரவில்லைதானே. மேனேஜர் என் சர்வீஸை நம்பினார். தலைமை ஆபீசில் விசாரிக்கிறேன், அதற்குள் நீ எழுத்தில் விளக்கம் கொடு என்று அவளிடம் சொல்லிவிட்டார்.

சாயங்காலம் பஸ்ஸில் அவள் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். போனில் அவள் அம்மாவிடம் பேசுவது கேட்டது. “நான் போட்டேம்மா. கரெக்டா போட்டேன். வரலைன்னு சொல்றாங்க, நான் இன்னா பண்றது. எழுதிக்கினு வரச் சொல்றாரு.” நான் ஜன்னலோரம் திரும்பிக்கொண்டேன். புதுவாயலில் இறங்கும்போது வழக்கமாக “வரேண்ணா” என்பாள். அன்று சொல்லவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு என் மேசை போன் அடித்தது. கிண்டியிலிருந்து அந்தப் பெண்.

“சார், நேத்து மெசேஜ் விஷயமா உங்க மேனேஜர் கேட்டிருந்தாரு. பார்த்துட்டேன். பத்து ஐம்பதுக்கு உங்க மெஷினுக்கு வந்திருக்கு. ஸ்க்ரீன்ல காட்டியும் இருக்கு. நான் இன்னும் அவருக்கு அனுப்பலை சார். சாப்பாட்டு நேரத்துக்குள்ள அனுப்பியாகணும். அதுக்கு முன்னாடி நீங்களே சொல்லிட்டா நல்லா இருக்கும்.”

“சரிம்மா,” என்றேன்.

அவர் போன் செய்யாமல் இருந்திருந்தால் சொல்லியிருப்பேனா என்று பலமுறை கேட்டுப் பார்த்திருக்கிறேன். சொல்லியிருப்பேன் என்று நினைக்க ஆசையாக இருக்கிறது. நிச்சயமாகத் தெரியவில்லை.

மேனேஜர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். பையிலிருந்து அந்த வட்டங்கள் போட்ட தாளை எடுத்து வைத்தேன். “அந்தப் பொண்ணு மேல தப்பில்லை சார். மெசேஜ் வந்திருக்கு. நான் பார்க்கலை. எனக்கு வலது பக்கம் தெரியாது.”

அவர் தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒரு பேனாவை எடுத்து என் முகத்துக்கு வலது பக்கம் நீட்டினார். “இது தெரியுதா?”

“தெரியலை.”

மெல்ல நகர்த்தினார். “இப்போ?”

“இல்லை சார்.”

பேனா என் மூக்குக்கு நேரே வந்த பிறகுதான் தெரிந்தது. அதைக் கீழே வைத்தார். அவர் முகம் சிவந்திருந்தது.

“எத்தனை மாசமா?”

“ஒன்பது மாசம்.”

“ஃபோர்க்லிஃப்ட் போற வழியில தினம் ரெண்டு வாட்டி நடக்கறீங்களே சார். உங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தா நான் உங்க வீட்டுல என்ன சொல்றது? வேலையை விட்டு அனுப்பிடுவேன்னு நினைச்சீங்களா?”

ஆமாம் என்றேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டார். கம்பெனி டாக்டரைப் பார்த்துவிட்டு வாருங்கள், மற்றதைப் பிறகு பேசலாம் என்றார். வேலை போகவில்லை. எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வந்தது, அது நியாயம்தான். சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி வராத பக்கத்து வழியில் நடக்கச் சொன்னார்கள். விலக்கு கேட்கும் ஃபார்மில் மேனேஜரே ‘மருத்துவக் காரணம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இத்தனை மாதம் நான் பயந்த விஷயம் இரண்டே சொல்லில் முடிந்துவிட்டது.

லேபுக்குப் போனேன். அவள் ரப்பர் துண்டு ஒன்றை இழுத்து அளந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை. நடந்ததைச் சொல்லி மன்னிப்பு கேட்டேன்.

“நேத்து எங்க ஊட்ல யாரும் சரியா சாப்புடலைண்ணா,” என்றாள். “எழுதிக் குடுக்கச் சொன்னாங்கன்னதும் எங்கம்மா பேஜாராயிட்டாங்க.”

“தப்புதான்மா.”

“எங்கிட்ட சொல்லியிருந்தா நான் இன்னா பண்ணியிருப்பேன்? எந்திரிச்சி வந்து சொல்லிட்டுப் போயிருப்பேன். எவ்ளோ தூரம்? இந்தக் கதவு, அந்தக் கதவு.” அவள் குரல் உயரவே இல்லை. “உங்களுக்குத் தெரியலைன்றது ஒண்ணும் இல்லைண்ணா. வரலைன்னு சொன்னீங்க பாரு, அதான்.”

அவள் அளவைக் குறித்துக்கொண்டு அடுத்த துண்டை எடுத்தாள்.

விலக்கு கிடைத்த அன்று கிண்டிப் பெண் போன் செய்தார். மறுபடி அம்பு தானாக நகர்ந்து ஐகான்களை இடது பக்கம் கொண்டு வந்தது. வரிசைகளை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவருக்கே ஞாபகம் இருந்தது.

“இனிமே மாறாது சார். பட்டையும் மெசேஜ் வர்ற இடமும் மட்டும் என்னால நகர்த்த முடியலை. இந்த வெர்ஷன்ல அது இல்லவே இல்லை. அதுக்கு வேற ஏதாவது ஏற்பாடு பண்ணிக்கோங்க.”

“பரவாயில்லைம்மா. இதுவே போதும்.”

“உடம்பைப் பார்த்துக்கோங்க சார்,” என்று வைத்துவிட்டார். முன்பே கண்டுபிடித்ததைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வேறு ஏற்பாட்டை மேனேஜர் செய்தார். லாட்டை நிறுத்துவதானால் லேபிலிருந்து இன்டர்காமிலும் சொல்ல வேண்டும். அவள் தவறாமல் சொல்கிறாள். “ஹோல்டு,” என்று ஆரம்பித்து லாட் எண்ணை இரண்டு முறை நிதானமாகச் சொல்வாள். நான் திருப்பிச் சொன்னதும் வைத்துவிடுவாள். அண்ணா என்பது அதில் இல்லை.

அந்தச் சனிக்கிழமை வீட்டுக்குப் போனேன். மனைவி ஹாலில் பரீட்சைப் பேப்பர்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். பையை வைத்ததுமே சொல்லிவிட்டேன். தள்ளிப் போட்டால் ஞாயிற்றுக்கிழமை முடிந்து ரயிலேறிவிடுவேன் என்று எனக்கே தெரியும்.

அவள் சிவப்பு மை பேனாவுக்கு மூடியைப் போட்டாள். “வந்துடுச்சுன்னு சொன்னீங்களே.”

“சொன்னேன்.”

“நான் அன்னிக்கே திருவள்ளூர் போயி சாமிக்கு மாலை போட்டுட்டு வந்தேன். ஸ்கூல்ல எல்லாருக்கும் லட்டு குடுத்தேன்.” பேப்பர்களை அடுக்கினாள், மறுபடி கலைத்தாள். “இன்னாத்துக்குங்க?”

“நீ தினமும் கேட்ட. தினமும் இல்லைன்னு சொல்ல முடியலை.”

“அப்ப நான் கேட்டதுதான் தப்பு.”

இல்லை என்று சொல்ல வந்தேன். அவள் எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் வெகுநேரம் கேட்டது. வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தாள். சோபாவின் முன்னால் நின்று, “நான் எந்தப் பக்கம் உக்காந்தா தெரியும்?” என்று கேட்டாள். இடது பக்கத்தைத் தட்டிக் காட்டினேன். உட்கார்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை கடைத்தெருவுக்குப் போகும்போது என் வலது முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அந்தப் பக்கம் அவள் கை இருந்தது, அவள் தெரியவில்லை. வீடு திரும்பும்வரை கையை எடுக்கவில்லை. வேலையை விட்டுவிடுங்கள் என்று ஒரு முறை சொன்னாள். விட்டுவிட்டு இங்கே என்ன செய்வேன் என்றேன். அவளுக்கும் அது தெரியவில்லை.

இப்போதும் புதுவாயல் அறையில்தான் இருக்கிறேன். மனைவி தினமும் போன் செய்கிறாள். ரோட்டைத் தாண்டியாச்சா என்று மட்டும் கேட்கிறாள், பள்ளியில் நடந்ததைச் சொல்வதில்லை. முன்பெல்லாம் சொல்வாள். என்னை மறுபடி நம்ப அவளுக்குக் கொஞ்ச நாள் ஆகும் என்று எடுத்துக்கொள்கிறேன். காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தால் ஐகான்கள் முதல் நாள் விட்ட இடத்தில் இருக்கின்றன.

போன மாதம் ஒருநாள் கிண்டிக்குப் போன் செய்தேன். குறிப்பாக ஒரு பிரச்சினையும் இல்லை. எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, நீங்கள் அன்று காலை கூப்பிட்டது பெரிய உதவி என்று அந்தப் பெண்ணிடம் சொல்ல வேண்டும் என்று இருந்தது. எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் யோசித்து வைத்திருந்தேன். ஓர் ஆண் குரல் எடுத்தது.

“முன்னாடி ஒரு மேடம் இருந்தாங்களே,” என்றேன்.

“அவங்க வேலையை விட்டுட்டாங்க சார். உங்களுக்கு என்ன ப்ராப்ளம், சொல்லுங்க.”

அவர் காத்திருந்தார். சும்மா கூப்பிட்டேன் என்று அந்த நம்பரில் சொல்ல முடியாது. பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்றேன். புதிதாக ஒன்று கொடுத்தார். ஒரு தாளில் எழுதிக்கொண்டேன்.